எஃப்.சி. தேதி நெருங்குகிறதா? பெயின்ட் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

"எஃப்.சி. வருதுண்ணே, வண்டியக் கொஞ்சம் ரெடி பண்ணணும்."

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். அடுத்து நடப்பதும் தெரிந்த கதைதான். டிங்கரிங், பட்டி, புது பெயின்ட். தேய்ந்த டயர்களைக் கழற்றிவிட்டு, தெரிந்தவர் வண்டியிலிருந்தோ வாடகைக்கோ நல்ல டயர்கள். காலாவதி ஆகாத தீயணைப்பான் ஒன்று, இரவல். ஆய்வு முடிந்த அன்றே டயர்கள் திரும்பப் போய்விடும். சான்றிதழ் மட்டும் ஓராண்டுக்கு வண்டியில் இருக்கும்.

அந்த வண்டி பிறகு யாரை ஏற்றிக்கொண்டு போகிறது? காலையில் நம் வீட்டுப் பிள்ளையை ஏற்றிச் செல்லும் பள்ளி வேனாக இருக்கலாம். நைட் ஷிஃப்ட் முடிந்து நாம் திரும்பும் கம்பெனி கேப் ஆகவும் இருக்கலாம். ஆகவே எஃப்.சி. வண்டி ஓனரின் தலைவலி மட்டுமல்ல, அதில் ஏறுகிற எல்லோருடைய பிரச்சினையும்கூட.

ஆய்வு நாளுக்காக மட்டும் வண்டியை அலங்கரிக்கும் பழக்கத்துக்கு இப்போது இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி. ஒரு பக்கம் பழைய வண்டிகளுக்கான கட்டணங்கள் ஏறுகின்றன. இன்னொரு பக்கம், கண்ணால் பார்த்து முடிவு செய்யும் இடத்தில் இயந்திரங்கள் வருகின்றன. இந்தச் சூழலில் பழைய வண்டியை எப்படித் தயார் செய்வது? எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

யாருக்கு ஆண்டுதோறும் எஃப்.சி.?

இங்கே பலருக்கும் குழப்பம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிக்கும், வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிக்கும் விதி வேறு.

* வாடகை மற்றும் சரக்கு வாகனங்கள் (ஆட்டோ, டாக்சி, வேன், லோடு வண்டி, லாரி, பஸ்): மத்திய மோட்டார் வாகன விதி 62-ன்படி வண்டிக்கு 8 வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

* சொந்த கார், பைக்: முதல் 15 ஆண்டுகளுக்குத் தனியாக எஃப்.சி. கிடையாது. ஆர்.சி. புத்தகம்தான் தகுதிச் சான்றும். 15 ஆண்டு முடிந்ததும் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும்.

அதாவது 2017-ல் வாங்கிய லோடு ஆட்டோ இப்போது ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போக வேண்டிய வண்டி. அப்பா 2010-ல் ஆசையாக வாங்கிய கார், 15 ஆண்டைத் தாண்டிய வண்டி. ஆய்வு என்று வரும்போது இரண்டுக்கும் தயாரிப்பு வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

எஃப்.சி. இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

"ஒரு ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்று நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவைப் பார்க்க வேண்டும். தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனத்தை முறையாகப் பதிவு செய்யப்பட்ட வாகனமாகவே கருத முடியாது என்கிறது அது. எஃப்.சி. காலாவதியானால் சட்டத்தின் பார்வையில் ஆர்.சி.யும் இல்லாத மாதிரிதான்.

பதிவு இல்லாத வண்டியை ஓட்டினாலோ ஓட்ட அனுமதித்தாலோ, பிரிவு 192-ன்படி முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் சிக்கினால் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டுவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறுவது என்று 2014-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டி விபத்தில் சேதமானபோது, அதற்கான இழப்பீடு அந்தத் தீர்ப்பால் மறுக்கப்பட்டது. அந்த வாதத்தை எஃப்.சி. இல்லாத வண்டிக்கு எதிராகவும் இன்சூரன்ஸ் நிறுவனம் எடுத்து வைக்க முடியும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தும், கிளெய்ம் நேரத்தில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டி வரலாம்.

கட்டணம் எவ்வளவு ஏறியிருக்கிறது?

பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து மெல்ல மெல்ல விலக்குவது மத்திய அரசின் கொள்கை. அதற்கான வழிகளில் ஒன்று கட்டணம்.

முதல் பெரிய மாற்றம் 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாகவும், பைக்குக்கு 1,000 ரூபாயாகவும் ஆனது. 2025 ஆகஸ்டில் அடுத்த அறிவிப்பு. 20 ஆண்டு தாண்டியிருந்தால் காருக்கு 10,000, பைக்குக்கு 2,000 ரூபாய்.

வாடகை வண்டிகளுக்கான அடி 2025 நவம்பரில் வந்தது. அதுவரை 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குத்தான் உயர்ந்த கட்டணம். புதிய முறையில் 10 ஆண்டிலிருந்தே ஏணி தொடங்குகிறது. 10 முதல் 15 வரை, 15 முதல் 20 வரை, 20-க்கு மேல் என மூன்று படிகள். கடைசிப் படியில் நிற்கும் கனரக லாரிக்கும் பஸ்ஸுக்கும் பரிசோதனைக் கட்டணம் 25,000 ரூபாய். நடுத்தர வண்டிக்கு 20,000, இலகுரக வாகனத்துக்கு 15,000, மூன்று சக்கர வண்டிக்கு 7,000. தேதி தவறினால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணத்துக்கும் மத்திய விதிகளில் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரி தனி. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் பரிவாஹன் தளம் காட்டும் தொகையை வைத்தே உங்கள் கணக்கைப் போடுங்கள்.

இதில் ஓனர்கள் தரப்பு நியாயத்தையும் பேச வேண்டும். 25,000 ரூபாய் என்பது கிட்டத்தட்ட ஒரு புது லாரி டயருக்கான பணம். ஒற்றை வண்டியை வைத்துப் பிழைப்பவர் அதைக் கட்டணமாகக் கட்டிவிட்டால், டயர் வாங்கக் கையில் காசு இருக்காது. சாலையைப் பாதுகாப்பாக்குவதற்காக வந்த கட்டணமே, வண்டியைப் பாதுகாப்பாக்க வேண்டிய பணத்தைத் தின்றுவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. வாடகை டயர் தேடிப் போகும் ஆசை கூடுவதும் இந்த இடத்தில்தான்.

ஆய்வு முறையில் என்ன மாற்றம்?

இதுவரை நமக்குப் பழக்கமானது, ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நிற்பதும், மோட்டார் வாகன ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பார்ப்பதும். ஓட்டிக் காட்டச் சொல்வார், லைட்டைப் போடச் சொல்வார், ஹாரன் அடிக்கச் சொல்வார். ஒரே நாளில் பல வண்டிகளைப் பார்க்கும் ஒருவருக்கு, சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் பிரேக் ஷூவைப் பார்க்க நேரம் இருக்காது. புது பெயின்ட்டுக்கு மவுசு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கு மாற்றாக வருவதுதான் தானியங்கி வாகனப் பரிசோதனை நிலையம். இதற்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதலும், மற்ற போக்குவரத்து வாகனங்களுக்கு 2024 ஜூன் முதலும் கட்டாயம் என்றுதான் முதலில் திட்டம். நிலையங்கள் போதுமான அளவில் தயாராகாததால் தேதிகள் தள்ளிப்போயின. உங்கள் ஊர் வண்டிகள் ஆர்.டி.ஓ. மைதானத்துக்கா, தானியங்கி நிலையத்துக்கா என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று அளப்பார்கள். ஹெட்லைட் எந்தக் கோணத்தில் அடிக்கிறது, புகையின் அடர்த்தி எவ்வளவு, ஸ்டியரிங் மூட்டுகளில் எவ்வளவு ஆட்டம், சஸ்பென்ஷன் எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் எண்ணாக வரும். பெயின்ட்டின் பளபளப்பால் இந்த எண்களை மாற்ற முடியாது.

இன்னொன்று, பரிசோதனை நிலையமே வண்டியை ரிப்பேர் செய்யக் கூடாது என்பது விதி. சோதிப்பவரே பழுது பார்ப்பவராகவும் இருந்தால், இல்லாத பழுதைக் காட்டிக் காசு பார்க்கலாம் இல்லையா? அதைத் தடுக்கத்தான். முதல் சோதனையில் தேறாவிட்டால், பழுதைச் சரிசெய்து மறுபரிசோதனைக்குப் போகலாம். அதிலும் தேறாமல் கிடக்கும் வண்டி, ஆயுள் முடிந்த வாகனம் என்று அறிவிக்கப்படும் நிலை வரும்.

வண்டியைத் தயார் செய்வது எப்படி?

பெயின்ட்டில் தொடங்கி பிரேக்கில் முடிப்பது வழக்கமான வரிசை. பெரும்பாலும் பிரேக்குக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். சான்று காலாவதி ஆவதற்கு 45 நாள் முன்பே தொடங்குவது நல்லது. உதிரிபாகம் கிடைக்கத் தாமதமானாலும் சமாளிக்கலாம்.

1. பிரேக்

பழைய வண்டிகள் மாட்டும் முதல் இடம் இதுதான். "பிரேக் நல்லாப் புடிக்குதே" என்பது போதாது. நான்கு சக்கரமும் ஒரே அளவில் பிடிக்கிறதா என்பதே கேள்வி. இடது சக்கரம் அதிகமாகவும் வலது சக்கரம் குறைவாகவும் பிடித்தால், மழையில் சடன் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துத் திரும்பும். மைதானத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டும்போது இது தெரியாது. உருளை மேல் ஏறினால் தெரிந்துவிடும்.

நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டிரம் பிரேக் என்றால் வீல் சிலிண்டரில் ஒழுகல் இருக்கிறதா, லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கிறதா? டிஸ்க் என்றால் காலிப்பர் இறுகியிருக்கிறதா, பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? ஷூவோ பேடோ மாற்றும்போது ஒரே ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிடிப்பு சமமாக இருக்காது.

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை அதற்கு உண்டு. ஈரம் ஏறிய ஆயில், மலைப்பாதை இறக்கத்தில் சூடாகி ஆவியானால் மிதி 'பொசுக்'கென்று உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம். ஹேண்ட் பிரேக்கையும் ஒரு மேட்டில் நிறுத்திப் பாருங்கள்.

2. டயர்

மத்திய விதி 94-ன்படி கார், வேன், லாரி டயர்களில் பூ உயரம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மி.மீ. அளக்கக் கருவி தேவையில்லை. டயர் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பூ தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் கதை முடிந்தது.

பூ இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஓடாமலேயே நின்ற வண்டியின் டயரில் பூ நன்றாக இருக்கும், பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். வெயிலில் கொதிக்கும் நெடுஞ்சாலையில் அந்த டயரை நம்ப முடியாது.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், டயர் மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். அலைன்மென்ட் கோளாறோ ஸ்டியரிங் மூட்டுத் தேய்மானமோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே போலத் தேயும்.

3. ஸ்டியரிங், சஸ்பென்ஷன்

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக்கொண்டு, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், பால் ஜாயின்ட், லாரி என்றால் கிங் பின் ஆகியவற்றில் சந்தேகம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். வெறும் ஜாக்கியை நம்பாமல் முட்டுக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

லோடு வண்டி என்றால் கமான் பட்டைகளில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த பட்டை இருக்கும் பக்கம் வண்டி சாய்ந்து நிற்கும்.

4. தரை, படி, சேஸிஸ்

2012 ஜூலையில் தாம்பரம் அருகே நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக, இரண்டாம் வகுப்பு படித்த சிறுமி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். அது எஃப்.சி. பெற்ற வண்டி. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. கோடை விடுமுறையில் பள்ளி வேன்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்ப்பதை இப்போது செய்திகளில் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தச் சிறுமியின் மரணம் இருக்கிறது.

ஆகவே மேட்டைத் தூக்கிப் பாருங்கள். தரைத் தகட்டில் துரு பிடித்த இடத்தை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அங்கே தகடு இல்லை, துருவும் பெயின்ட்டும்தான் இருக்கிறது. அதன் மேல் பட்டி பூசுவது ஓட்டையை மறைக்கும், ஆள் பாரத்தைத் தாங்காது. துருவை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே சரி. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் துரு வேகமாகப் பிடிக்கும்.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தையும் இப்போதே சுத்தம் செய்யுங்கள். எண் தெளிவாகத் தெரியாமல் பென்சில் பிரின்ட் எடுக்க முடியாமல் போனால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஆய்வு தடைப்படும்.

5. விளக்குகள், கண்ணாடி, வைப்பர்

ஹெட்லைட் எரிவது மட்டும் போதாது. கோணம் மேலே தூக்கியிருந்தால் எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். பழைய கார்களில் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகி மங்கியிருக்கும். பாலிஷ் செய்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் விளக்கு என எல்லாவற்றையும் ஒருவர் பின்னால் நின்று பார்க்க, இன்னொருவர் போட்டுக் காட்டுங்கள். சரக்கு வண்டிகளில் ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். இரவில் ரோட்டோரம் நிற்கும் லாரியின் பின்னால் ஒரு பைக் மோதுமா, விலகிப் போகுமா என்பதை அந்தச் சிவப்புப் பட்டைதான் முடிவு செய்யும்.

கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம், ஏர் ஹாரன், கண்ணைக் கூசும் கூடுதல் விளக்கு, பம்பர் கார்டு, வேனில் சொருகிய எக்ஸ்ட்ரா சீட் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். எடுத்ததை மறுநாள் திரும்பப் போடவும் வேண்டாம்.

6. புகை

புகையின் நிறமே பாதி நோயைச் சொல்லிவிடும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர், நாசில், பம்ப்பைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

பி.எஸ்.-4 தரத்துக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி வரம்பு 65, பி.எஸ்.-4 வண்டிக்கு 50. புகைச் சான்று பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 6 மாதமும் செல்லும். சோதனைக்குப் போகும் முன் கொஞ்ச தூரம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிக்கொள்வது ஏமாற்று வேலை இல்லை. சூடான இன்ஜினில் அளப்பதுதான் சரியான முறை.

7. கடைசியில் பெயின்ட்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து பணம் மிச்சம் இருந்தால் பெயின்ட். துருவைத் தடுப்பதற்கும், வண்டிக்கு விதித்த நிறம் தெரிவதற்கும் பெயின்ட் தேவைதான். ஆனால் அது பட்டியலின் கடைசி வரி.

பேப்பர் வேலை

வண்டி ரெடியாகியும் பேப்பரால் திரும்பி வருபவர்கள் உண்டு. முதல் வாரத்திலேயே இவற்றைச் சரிபாருங்கள்.

* இன்சூரன்ஸ், புகைச் சான்று, சாலை வரி, பெர்மிட் ஆகிய நான்கின் கடைசித் தேதி.
* பரிவாஹனில் பதிவான மொபைல் எண் உங்களுடையதா? பழைய ஓனர் எண் இருந்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும்.
* நிலுவையில் இருக்கும் இ-சலான்கள்.
* ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு. கடன் அடைத்து ஆண்டுகள் ஆகியும் பலர் அதை நீக்கியிருக்க மாட்டார்கள்.
* ஆட்டோ என்றால் மீட்டர் முத்திரை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமான வண்டி என்றால் அதன் சான்று. பொதுவாக 80 கி.மீ., பள்ளி பஸ், டேங்கர், டிப்பர்களுக்கு 60 கி.மீ. என்பது மத்திய விதி 118 சொல்லும் வரம்பு.
* முதலுதவிப் பெட்டியிலும் தீயணைப்பானிலும் உள்ள காலாவதித் தேதி.

ரிப்பேர் செய்வதா, ஸ்க்ராப்புக்கு அனுப்புவதா?

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இந்த ஆண்டின் கட்டணம், பசுமை வரி, மேலே சொன்ன வேலைகளுக்கு மெக்கானிக் தரும் மதிப்பீடு. இன்னொரு பக்கம், இன்று வண்டியை விற்றால் கிடைக்கும் தொகை. பிரேக், டயர் போல மாற்றினால் தீரும் செலவு என்றால் பெரும்பாலும் ரிப்பேர் செய்வது நியாயம். சேஸிஸிலேயே துரு, இன்ஜின் ஆயில் எரிகிறது, அடுத்த ஆண்டு கட்டண ஏணியில் இன்னொரு படி என்று மூன்றும் சேர்ந்தால் விடைகொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படி முடிவெடுத்தால், பதிவு பெற்ற ஸ்க்ராப் மையத்தில் கொடுத்து, அழிப்புச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் சொந்த வாகனத்துக்கு 25 சதவீதம் வரை, போக்குவரத்து வாகனத்துக்கு 15 சதவீதம் வரை சலுகைக்கு மத்திய விதியில் இடம் இருக்கிறது. எவ்வளவு தருவது என்பது மாநிலங்களின் கையில். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் இந்தச் சான்று கிடைக்காது. உங்கள் பெயரில் இருக்கும் பதிவும் ரத்தாகாமல் நிற்கும்.

வண்டியில் ஏறுபவர்கள் என்ன செய்யலாம்?

சொந்தமாக வண்டியே இல்லாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. பிள்ளை போகும் வேனின் பதிவு எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டால், எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். தேதி சரியாக இருந்தாலும், ஒரு நாள் காலையில் குனிந்து டயரைப் பாருங்கள். படியில் கால் வைத்து அழுத்திப் பாருங்கள். "அண்ணா, பின் டயர் ரொம்பத் தேஞ்சிருக்கே" என்று டிரைவரிடம் சொல்வது சண்டை இல்லை. பல நேரங்களில் டிரைவருக்கும் அது தெரியும். ஓனரிடம் சொல்ல அவருக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருக்கும்.

தகுதிச் சான்று சொல்வது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: ஆய்வு நடந்த அன்று வண்டி சரியாக இருந்தது. மீதி 364 நாளுக்கு அந்தக் காகிதத்தால் பிரேக் போட முடியாது. அந்த நாட்களுக்கும் சேர்த்து வண்டியைத் தயார் செய்தவருக்கு ஆய்வு நாள் பெரிய விஷயமாகவே இருக்காது. வாடகை டயரில் வந்தவர்தான் வரிசையில் நிற்கும்போது நெஞ்சு படபடக்க நிற்பார்.